ஓடிபி யார் கைக்கு வருகிறது

அன்புள்ள சரவணா,

போனில் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடக்கூடிய விஷயத்தை இத்தனை பக்கம் எழுதுவதற்காக என்னைப் பொறுத்துக்கொள். போனில் பேசினால் நான் "சாப்பிட்டியா, அங்க மழையா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன் என்பது உனக்குத் தெரியும். எனக்குப் பேச்சு அவ்வளவுதான் வரும். எழுத உட்கார்ந்தால் கொஞ்சம் கூடுதலாக வருகிறது. நீ சென்னையில் குளிரூட்டிய அறையில் செய்கிற கம்ப்யூட்டர் வேலையைத்தான் நானும் ராஜபாளையத்தில் உரக்கடைக்கு மேல் மாடியில் உட்கார்ந்து செய்கிறேன். அதனால் இதில் வேலை விஷயமும் நிறைய வரும். அம்மா வகுப்பெடுக்கிறாள் என்று நினைத்துப் பாதியில் விட்டுவிடாதே. உன் கல்யாணத்துக்கு முன் இதை நீ படித்தாக வேண்டும். இன்னும் சரியாகச் சொன்னால், தேன்மொழியின் விண்ணப்பத்தில் திருத்தம் செய்யக் கொடுத்திருக்கிற நாட்கள் முடிவதற்கு முன்.

போன ஞாயிற்றுக்கிழமை வத்திராயிருப்பில் தேன்மொழிக்குப் பூ வைத்துவிட்டு வந்த பிறகு, மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது நீ சொன்னது நினைவிருக்கும். "தேன்மொழியோட டீச்சர் பரீட்சை அப்ளிகேஷன் அம்புட்டும் நானே போட்டுட்டேன்பா. மெயில் என்னது, நம்பர் என்னது, பாஸ்வேர்டும் நானே வச்சிட்டேன். சென்டர் சென்னை. கல்யாணம் முடிஞ்சா அங்கதான இருக்கப் போறா. அவ ஒண்ணுக்கும் அலைய வேண்டாம்." உன் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். உன் அப்பாவும் சோற்றைப் பிசைந்துகொண்டே, "அப்படித்தாம்லே இருக்கணும், பொம்பளப்பிள்ளைய அலைய விடப்பிடாது" என்றார். நான் உனக்கு இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினேன். அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

புதன்கிழமை தேன்மொழி எனக்குப் போன் செய்தாள். ஜாக்கெட் அளவு பற்றிக் கேட்டாள். அதற்குப் பதில் சொல்லி முடித்த பிறகும் வைக்கவில்லை. எனக்கும் பேசத் தெரியாது, அவளும் அப்படித்தான் போலிருக்கிறது. அப்புறம் கேட்டாள்.

"அத்தை, சென்டர மதுரைக்கு மாத்த முடியுமா? கல்யாணம் முடிஞ்ச பத்தாம் நாள் பரீட்சை. அதுவரைக்கும் எங்க அம்மா வீட்ல இருந்து படிக்கலாம்னு நெனச்சிருந்தேன். எங்கூடப் படிக்கிற பிள்ளைய எல்லாம் மதுரைதான். காலைல ஒண்ணா வேன் பிடிச்சுப் போயிட்டு வந்துருவோம்."

"அவன்ட்ட சொல்லலாம்லம்மா."

"அவங்க எனக்காகத்தான உக்காந்து போட்டாங்க. மாத்துங்கன்னு சொன்னா தப்பா எடுத்துக்கிட்டா?" பிறகு அவளே, "நானே மாத்தலாம்னு பாத்தேன். பாஸ்வேர்ட் தெரியாது. மறந்துபோச்சுன்னு அழுத்துனா ஓடிபி அவங்க நம்பருக்குப் போகுது. அழுத்திட்டேன் அத்தை. அழுத்துனது நான்தான்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்குமா?" என்றாள்.

அவள் குரலில் இருந்தது பயம். தன் பெயரில் உள்ள விண்ணப்பத்தைத் திறக்கப் பார்த்ததற்கு, எட்டாம் வகுப்புப் பிள்ளை அடுத்த பிள்ளையின் பையைத் திறந்து மாட்டிக்கொண்டதுபோல் பேசுகிறாள். போன தடவை நாலு மார்க்கில் விட்ட பரீட்சை இது. இதைத் தவற விட்டால் அடுத்தது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. மறுநாள் நானே அவளைக் கூப்பிட்டு, இதை உனக்கு எழுதட்டுமா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "எழுதுங்க அத்தை. ஆனா அவங்க நல்லதுக்குத்தான் செஞ்சாங்கன்னு அதையும் சேத்து எழுதுங்க" என்றாள். எழுதிவிட்டேன்.

நீ நல்லதுக்குத்தான் செய்தாய். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. நல்லது என்று நினைத்து நான் செய்த ஒன்றைப் பற்றி உனக்கு இதுவரை சொன்னதில்லை. அதைச் சொன்னால்தான் நான் ஏன் இப்படிக் கவலைப்படுகிறேன் என்று உனக்குப் புரியும்.

நீ பத்தாவது முடித்த வருஷம். எங்கள் ஆபீசுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்துக்காரர் வந்தார். எல்லாரும் அவரை லேப் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். ரிப்போர்ட் வாங்க ஆட்கள் இரண்டாம் தடவை பஸ் ஏறி வர வேண்டியிருக்கிறது, அதை இன்டர்நெட்டில் பார்க்கிற மாதிரி செய்து தர முடியுமா என்று கேட்டார். நான் தனியாகச் செய்த முதல் வேலை அது. எங்கள் வீட்டில் டிகிரி வாங்கிய முதல் ஆள் நான். என் அப்பாவும் அம்மாவும் பேண்டேஜ் துணித் தறியில் நின்றவர்கள். எந்தச் சந்தேகத்தை யாரிடம் கேட்கலாம் என்றுகூட எனக்குத் தெரியாது. கேட்டால், இது தெரியாமலா வேலைக்கு வந்தாய் என்று நினைத்துவிடுவார்களோ என்று எல்லாவற்றையும் நானே படித்துப் படித்துத்தான் செய்தேன்.

வெப்சைட் எழுத நீயும் நானும் பயன்படுத்துகிற ஃபிரேம்வொர்க் ஒன்றுதான். புதிதாக ஒரு வேலை தொடங்கியதும் அதுவே பயனர் டேபிள் ஒன்றை, உள்ளே நுழைகிற ஆட்களின் விவரப் பட்டியலை, தயாராகக் கொடுத்துவிடும். யூசர்நேம், பாஸ்வேர்ட், முதல் பெயர், கடைசிப் பெயர், மெயில். நாம் ஒன்றும் செய்ய வேண்டாம், லாகின் பக்கம் ஓடிவிடும். ஆனால் அதன் வழிகாட்டியிலேயே, கையோடு கொடுத்தது போதும் என்று தோன்றினாலும், முதல் நாளே உனக்கென்று ஒரு பயனர் டேபிளை எழுதி வைத்துக்கொள், பின்னால் மாற்றுவது ரொம்பக் கஷ்டம் என்று சொல்லியிருக்கும். அதை நான் படித்தேன். என்ன பெரிதாக மாறிவிடப் போகிறது என்று கடந்து போய்விட்டேன். ஆள் என்றால் பெயர் இருக்கும், பாஸ்வேர்ட் இருக்கும், வேறென்ன வேண்டும் என்று நினைத்தேன்.

முதல் வாரமே சிரிப்பாய்ச் சிரித்தது. மெயில் வைத்திருக்கிறவர்கள் பத்தில் ஒருவர் இல்லை. கடைசிப் பெயர் என்ற பெட்டியில் சிலர் இனிஷியலைப் போட்டார்கள், சிலர் ஊர்ப் பெயரைப் போட்டார்கள், ஒரு பெரியவர் "போதும்" என்று போட்டிருந்தார். யூசர்நேம் கேட்டால் ராஜபாளையத்து ஆண்களில் பாதிப் பேர் ராஜா என்று தட்டுகிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெண்களில் பாதிப் பேர் கோதை, மீதிப் பேர் ஆண்டாள். ஒரே பெயரை இரண்டு தடவை சிஸ்டம் எடுக்காது என்பதால் பின்னால் நம்பர் சேர்த்துக்கொண்டே போனோம். லேப் கவுண்டரில் பேச்சி என்றொரு பெண் இருந்தாள். பன்னிரண்டாவது முடித்துவிட்டு வேலைக்கு வந்தவள். படபடவென்று பேசுவாள். அவள் எனக்குப் போன் செய்தாள்.

"எக்கா, கோதை பதினேழு யாரு, கோதை பதினெட்டு யாருன்னு அவியளுக்கே தெரியல. ரெண்டு பேரும் மாத்தி மாத்தி அழுத்திட்டு, லாக்காயி, எம்மேல கோவப்பட்டுக்கிட்டு நிக்காவ. இது சரிப்படாதுக்கா. எல்லார்ட்டயும் போன் இருக்குல்ல, போன் நம்பர வச்சுத் தொறக்கிற மாதிரி செஞ்சு குடுங்களேன்."

நல்ல யோசனையாகத்தான் பட்டது. யூசர்நேம் இருக்கிற இடத்தில் போன் நம்பரைப் போட்டேன். பாஸ்வேர்டை எடுத்துவிட்டு, ஓடிபி வந்தால் உள்ளே விடுகிற மாதிரி எழுதினேன். இரண்டு நாள் வேலை. ஆனால் யூசர்நேம் பெட்டியில் ஒரே மதிப்பு இரண்டு தடவை வராது என்று சொன்னேன் அல்லவா, அது போன் நம்பருக்கும் பொருந்தும். அடுத்த வாரமே பேச்சி மறுபடி கூப்பிட்டாள். மாமியாருக்குப் போட்ட நம்பரை மருமகளுக்குப் போட்டால் எடுக்க மாட்டேன் என்கிறது. நம் பக்கம் கவுண்டரில் நம்பர் கேட்டால் என்ன நடக்கும் என்று நீ பார்த்திருப்பாய். பெண் வாய் திறக்க மாட்டாள். கூட வந்த ஆணைத் திரும்பிப் பார்ப்பாள். அவர் தன் நம்பரைச் சொல்வார். தனியாக வந்தவளாக இருந்தாலும் வீட்டு நம்பர் என்று சொல்லி, வீட்டில் பெரிய போன் யார் வைத்திருக்கிறார்களோ அவர் நம்பரைத்தான் கொடுப்பாள். தன்னிடம் ஒரு சின்ன பட்டன் போன் இருந்தாலும் அதைச் சொல்ல மாட்டாள்.

இதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தேன். ஒரு நம்பருக்கு ஒரு கணக்கு, அதற்குக் கீழே அந்த வீட்டில் எத்தனை பேர் இருக்கிறார்களோ அத்தனை பேர். குடும்பக் கணக்கு என்று பெயர் வைத்தேன். லேப் அண்ணாச்சிக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. "நம்ம ஊருக்குன்னே செஞ்சிருக்கீயம்மா, மெட்ராஸ்காரனுக்கு இது வருமா" என்று என் முதலாளி முன்னாலேயே சொன்னார். நான் அன்றைக்கு பஸ்ஸில் வரும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன். பாதுகாப்பாகச் செய்திருக்கிறோம் என்றுதான் நினைத்தேன். ஓடிபி இல்லாமல் ஒருத்தரும் உள்ளே போக முடியாது. அந்த ஓடிபி யார் கைக்கு வருகிறது என்று நான் யோசிக்கவே இல்லை.

மூன்று மாதம் போயிருக்கும். பிரிண்டர் வேலை செய்யவில்லை என்று சொன்னார்கள். நான் ஸ்ரீவில்லிபுத்தூர் போய், லேப் கவுண்டர் மேசைக்கு அடியில் உட்கார்ந்து வயரை மாற்றிக்கொண்டிருந்தேன். அப்போது ஒரு பெண் வந்தாள். கான்சாபுரத்துக்காரி, பெயர் முத்துமாரி. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தையல் கம்பெனியில் வேலை பார்க்கிறவள். முந்தின நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தனியாக வந்து கர்ப்பப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். இதெல்லாம் அவள் பேசப் பேசத்தான் எனக்குத் தெரிந்தது. எனக்கு அவள் செருப்பும் சேலைக் கரையும் மட்டும்தான் தெரிந்தன.

"ஏட்டி பேச்சி, என் ரிப்போர்ட்ட யார்ட்ட சொன்ன?"

"நான் யார்ட்டயும் சொல்லலக்கா. உங்க கவரு இந்தா இருக்கு, ஒட்டுனது ஒட்டுனபடி இருக்கு, பாருங்க."

"பொறவு எப்படித் தெரியும்? நேத்துச் சாயங்காலம் வேல முடிஞ்சு வீட்டுக்குப் போறேன், எங்க மாமியா சீனி டப்பாவ வச்சுக்கிட்டு வாசல்ல நிக்காவ. நாலு வீட்டுக்குச் சொல்லியாச்சு. எனக்கே தெரியாதுட்டி. எனக்குத் தெரியறதுக்கு முன்ன எங்க தெருவுக்குத் தெரிஞ்சிருக்கு."

"நல்ல சேதிதானக்கா."

"ஏற்கனவே ரெண்டு தங்கலட்டி. மூணு மாசம் ஆகட்டும், பொறவு வெளிய சொல்லிக்கிடலாம்னு இருந்தேன். அவருக்கு மட்டும் சொல்லலாம்னு. பட்டாளத்துல இருக்காரு, ஞாயித்துக்கிழமைதான் பேசுவாரு. அவருக்கும் அவர் தம்பியே சொல்லிட்டான்."

அவள் லேபில் கொடுத்திருந்த நம்பர் அந்தத் தம்பியுடையது. ரிப்போர்ட் தயார் என்று அவன் போனுக்கு மெசேஜ் போயிருக்கிறது. பெயர், பரிசோதனையின் பெயர் இரண்டையும் சேர்த்து அனுப்புகிற மாதிரி நான்தான் எழுதியிருந்தேன். அவன் திறந்து பார்த்திருக்கிறான். அவனும் கெட்ட எண்ணத்தில் பார்க்கவில்லை. அவன் போனுக்கு வந்தது, அவன் பார்த்தான்.

சத்தம் கேட்டு லேப் அண்ணாச்சி உள்ளே இருந்து வந்தார். "கவுண்டர்ல உக்காந்தா வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டியா" என்று எல்லார் முன்னாலும் பேச்சியைத் திட்டினார். அவள், நான் சொல்லவே இல்லை அண்ணாச்சி என்று இரண்டு தடவை சொன்னாள். மூன்றாவது தடவை சொல்லவில்லை. நாளையில் இருந்து கவுண்டருக்கு வர வேண்டாம், உள்ளே சாம்பிள் டியூப் கழுவு என்றார். சரவணா, இத்தனையும் நடக்கும்போது நான் மேசைக்கு அடியில் இருந்தேன். காரணம் என்ன என்று முத்துமாரி பேசி முடிக்கும் முன்பே எனக்குப் புரிந்துவிட்டது. எழுந்து நின்று ஒரு வாக்கியம் சொல்ல வேண்டியதுதான். எழவில்லை. வயரைச் சொருகினேன், பிரிண்டரை ஓட்டிப் பார்த்தேன், சரியாகிவிட்டது என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. காய்ச்சலா என்று நீகூடக் கேட்டாய். மூன்றாம் நாள் காலையில் ஆபீசுக்குப் போகாமல் நேராக ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். லேப் அண்ணாச்சியிடம், தப்பு என்னுடையது, பேச்சியைத் திரும்பக் கவுண்டரில் உட்கார வையுங்கள் என்று சொன்னேன். அவருக்கு நான் சொன்னது புரியவே இல்லை. "இதுல உங்க தப்பு என்னம்மா இருக்கு? குடும்பம்னா எல்லாருக்கும் தெரியத்தான செய்யும். அந்தப் பிள்ளைக்கு என்ன, நாலு நாள்ல மறந்துரும்" என்றார். சண்டை போடுவார் என்று பயந்து போனவளுக்கு, அவர் இப்படிச் சிரித்தது இன்னும் கஷ்டமாக இருந்தது. நின்றுகொண்டே இருந்தேன். கடைசியில் பேச்சியைக் கூப்பிட்டுக் கவுண்டரில் உட்காரச் சொன்னார். அவளிடம் போய் நடந்ததைச் சொன்னேன். என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ரெண்டு நாளா எங்கக்கா இருந்தீய?"

"மேசைக்கு அடியிலதான் இருந்தேன்."

"இன்னுமா?" என்றாள். பிறகு அவளே சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் செய்த வேலை, முதல் நாள் செய்திருக்க வேண்டிய வேலை. பயனர் டேபிளை மாற்றுவது. ஓடிக்கொண்டிருக்கிற சிஸ்டத்தில் அதை மாற்றுவது என்றால் என்ன என்று உனக்குத் தெரியும். ரிப்போர்ட், பில், டாக்டர் என்று இருக்கிற எல்லா டேபிளும் பழைய பயனர் டேபிளைப் பார்த்துக்கொண்டு நிற்கின்றன. அதை உருவினால் எல்லாம் அறுந்து விழும். புதிதாக ஒன்று எழுதி, பழையதில் இருந்து ஒவ்வொரு வரியாக எடுத்து, ஒரு கணக்கில் கிடந்த ஆறு பேரை ஆறு கணக்காகப் பிரித்து, எந்த ரிப்போர்ட் யாருடையது என்று சரிபார்த்து நகர்த்தினேன். ஐந்து ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. புதிய டேபிளில் ஒவ்வொருவருக்கும் தனியாக ஓர் அட்டை எண். நுழைவதற்கு அந்த எண்ணும், அவர்களே வைத்துக்கொள்கிற நாலு இலக்கமும். போன் நம்பர் வெறும் தகவலாக ஒரு பக்கம் இருந்தது. ஒரே நம்பர் பத்துப் பேருக்கு இருக்கலாம், நம்பரே இல்லாமலும் இருக்கலாம். மெசேஜில் பெயரும் கிடையாது, பரிசோதனையும் கிடையாது. அதோடு ஒரு கேள்வியைச் சேர்த்தேன். இந்த நம்பர் உங்களுடையதா, வீட்டில் இன்னொருவருடையதா. இன்னொருவருடையது என்றால் அதற்கு மெசேஜ் போகலாமா, வேண்டாமா.

இவ்வளவும் செய்த பிறகும் முதல் வாரம் ஒன்றும் மாறவில்லை. பேச்சி கேள்வி கேட்பாள், கூட வந்தவர் பதில் சொல்வார். நாலு இலக்கம் வைக்கச் சொன்னால் அதையும் அவரே, தன் வண்டி நம்பரைச் சொல்வார். இதற்கு கம்ப்யூட்டரில் வழி இல்லை என்று நான் சோர்ந்துபோயிருந்தேன். வழி கண்டுபிடித்தது பேச்சி. நீளமான வயர் வைத்த நம்பர் பலகை ஒன்று வாங்கித் தரச் சொன்னாள். கவுண்டர் இடுக்கு வழியாக அதை அந்தப் பெண்ணின் கையிலேயே கொடுத்துவிடுவாள். கூட வந்தவர் எட்டிப் பார்த்தால், "அண்ணே, செத்த நேரம் அந்தப் பெஞ்சுல உக்காருங்க, பில்லு வரும், கூப்பிடுதேன்" என்பாள். பில் வரவே வராது. அந்த நேரத்தில் அந்தப் பெண் நாலு எண்ணை அழுத்திவிடுவாள். எண்பது வயது ஆச்சிகள்கூட அழுத்தினார்கள். சிலர் அழுத்தும்போது கையால் மறைத்துக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். வீட்டில் ஒரு டப்பாகூடத் தனக்கென்று பூட்டி வைத்துக்கொள்ளாதவர்கள்.

முத்துமாரிக்குப் பிறகு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. அவள் அந்த லேபுக்குத் திரும்ப வரவில்லை. லேபில் பதிந்திருக்கிற அவள் முகவரியைப் பார்த்து விசாரித்தால் தெரிந்துவிடும் என்ற யோசனை வந்தது. அதையும் அவளுக்குத் தெரியாமல்தான் பார்க்க வேண்டும். பார்க்கவில்லை.

இத்தனை பெரிய பாடம் படித்தவள் வீட்டில் திருந்தியிருப்பாள் என்று நினைப்பாய். இல்லை. இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, உன் பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வந்தது. பள்ளியில் கொடுத்த நம்பர் என்னுடையது. நீ நண்பர்களோடு வெளியே போயிருந்தாய். மெசேஜ் வந்ததும் நான் திறந்தேன், மார்க்கைப் பார்த்தேன், தளவாய்புரத்தில் உன் சித்திக்குச் சொன்னேன், எதிர்வீட்டில் சொன்னேன். நீ தெருவுக்குள் நுழையும்போதே நாலு பேர் கை கொடுத்து உன் மார்க்கை உனக்குச் சொன்னார்கள். நீ வீட்டுக்குள் வந்து, "நானே பாத்திருப்பேம்மா" என்று மட்டும் சொன்னாய். அதைக் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நான் லட்டு டப்பாவை நீட்டிக்கொண்டு நின்றேன். கான்சாபுரத்து மாமியார் சீனி டப்பாவோடு நின்றது எனக்கு அந்த நிமிடம் ஞாபகம் வந்தது. அன்றைக்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்.

அதனால் உன்னிடம் பெரிய ஆளாக நின்று சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. வேலையில் இதைச் சரியாகச் செய்கிறவர்கள்கூட வீட்டில் தப்பாகச் செய்வோம் என்று மட்டும் தெரியும். உன் ஆபீசில் யாராவது வாடிக்கையாளரின் கணக்குக்கு உங்கள் குழுவில் ஒருவர் தன் நம்பரையும் தன் பாஸ்வேர்டையும் போட்டு வைத்தால் நீ விடுவாயா? அவன் எவ்வளவு நல்லவன் என்றா பார்ப்பாய்? தேன்மொழிக்கு அலைச்சலைக் குறைக்கத்தான் செய்தாய். ஆனால் இன்றைக்கு அவள் ஹால் டிக்கெட் எடுக்க உன்னைக் கேட்க வேண்டும். நாளைக்குப் பாஸானால் அந்தச் செய்தி முதலில் உனக்கு வரும். எந்தப் பள்ளி வேண்டும் என்று அவள் தேர்ந்தெடுக்கிற நாளில் ஓடிபி உன் மேசையில் கிடக்கும், நீ மீட்டிங்கில் இருப்பாய். நீ ஒன்றுமே தப்பாகச் செய்யாவிட்டாலும் அவள் உன்னைக் கேட்டுக்கொண்டுதான் இருக்க வேண்டும். கேட்பதற்குத் தயங்குகிற பெண் என்று உனக்கு இன்னும் தெரிந்திருக்காது. எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தச் சாதிதான் நானும்.

இன்றைக்கே அவளைக் கூப்பிடு. வீடியோவில் கூப்பிடு. மெயிலையும் நம்பரையும் அவளுடையதாக மாற்று. மாற்றும்போது உனக்கு ஒரு ஓடிபி வரும், அதைப் படித்துச் சொல். அதோடு உன் வேலை முடிந்தது. பாஸ்வேர்டை அவள் வைக்கட்டும். என்ன என்று கேட்காதே, விளையாட்டுக்குக்கூடக் கேட்காதே. சென்டரை அவளே திறந்து மாற்றிக்கொள்வாள். மதுரையை வைத்தாலும் சரி, யோசித்துவிட்டுச் சென்னையே இருக்கட்டும் என்றாலும் சரி. அவள் ஓடிபி அழுத்திய மெசேஜ் புதன்கிழமை உனக்கு வந்திருக்கும். அதைப் பற்றிக் கேள்வி கேட்காமல் இருந்தால், அது நீ அவளுக்குச் செய்கிற முதல் மரியாதை. கல்யாணம் முடிந்து பத்து நாள் அவள் வத்திராயிருப்பில் இருந்து படித்தால் உறவுக்காரர்கள் நாலு வார்த்தை பேசுவார்கள். அதை நான் பார்த்துக்கொள்கிறேன். எனக்கு அவர்களுக்குப் பதில் சொல்ல வராது, ஆனால் காது கேட்காத மாதிரி இருக்க நன்றாக வரும்.

இந்தக் கடிதத்தை அவளும் படிக்கட்டும். மறைக்க ஒன்றும் இல்லை.

ஒன்று பாக்கி இருக்கிறது. எழுத ஆரம்பித்தபோதே அதைத்தான் முதலில் எழுத நினைத்தேன், முடியாமல் கடைசிக்குத் தள்ளிவிட்டேன். என் ஆதாரில் இருப்பது உன் அப்பாவின் நம்பர். அப்போது என்னிடம் போன் இல்லை, அவர் நம்பரைக் கொடுத்தேன். அப்புறம் ஒவ்வொன்றாக எல்லாம் அதோடு சேர்ந்துகொண்டன. எனக்கு எதற்காவது ஓடிபி வேண்டும் என்றால், அவர் மோட்டார் வைண்டிங் கடைக்குப் போன் செய்வேன். கையில் கிரீசோடு எடுப்பார். "எதுக்கு?" என்பார். சந்தேகப்பட்டுக் கேட்பதில்லை, ஒரு வழக்கமாகக் கேட்பார். நான் எதற்கு என்று சொல்வேன். அவர் ஆறு எண்ணையும் படிப்பார். போன வருஷம் அஞ்சல் வழியில் எம்.சி.ஏ. படிக்க விண்ணப்பம் போட உட்கார்ந்தேன். உனக்கும் தெரியாது, யாருக்கும் தெரியாது. ஆறாவது பக்கத்தில் ஆதாருக்கு ஓடிபி கேட்டது. போன் செய்தால் எதற்கு என்பார், சொன்னால் "இந்த வயசுலயாட்டி" என்று கேலி செய்வார். கேலிதான், வேண்டாம் என்று சொல்ல மாட்டார். ஆனாலும் நான் அந்தப் பக்கத்தை மூடிவிட்டேன். இந்த வருஷமும் அறிவிப்பு வந்திருக்கிறது.

நம்பர் மாற்ற ஆதார் மையத்தில் என் கைரேகை போதும், அவர் வர வேண்டியதில்லை. அவருக்குத் தெரியாமல் போய் மாற்றிவிட்டு வர எனக்குப் பிடிக்கவில்லை. சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். அதனால் நீ அடுத்த வாரம் பத்திரிகை வைக்க ஊருக்கு வரும்போது, ஒருநாள் மத்தியானம் மூன்று பேரும் சாப்பிட உட்காருவோம். நான் அவரிடம் சொல்வேன். அப்போது நீ எழுந்து போகாதே. சிரிக்காதே. எனக்காக நீ ஒரு வார்த்தையும் பேசாதே. என் பக்கத்தில் உட்கார்ந்திரு. அவர் எதுக்கு என்று கேட்பார். அதற்கு நானே பதில் சொல்லி முடிக்கிற வரைக்கும் உட்கார்ந்திரு.

அம்மா